முற்றத்தை மூடலாமா?

உத்தியோக நிமித்தமாக ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் குடும்பங்களில், ஐம்பது வயதைக் கடந்த இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியும் ஒரு விஷயத்தில் வந்து நிற்கும். ஊரில் இருக்கும் பூர்விக வீட்டை என்ன செய்வது என்பதே அது. விற்க மனம் வருவதில்லை. இருக்கிற நிலையில் விட்டுவைக்கவும் முடிவதில்லை. ஓடு சரிகிறது, உத்திரத்தைக் கரையான் அரிக்கிறது, வயது முதிர்ந்த தாயோ தந்தையோ இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பின் நாமே போய் இருக்கலாம் என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு. ஆகவே, "வீட்டைத் திருத்திக் கட்டுவோம்" என்று முடிவாகிறது. முடிவான மறுகணமே யாரேனும் ஒருவர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "முதலில் முற்றத்தை மூடிவிட்டால் எவ்வளவு இடம் கிடைக்கும்!"

இந்த யோசனையைப் பற்றியே இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம். காவிரிக் கரை ஊர்களின் வீடுகளை எடுத்துக்கொள்கிறோம். நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கு அவ்வகை வீடே பூர்விக வீடு. பிற பகுதியினர் தத்தம் வீட்டின் அமைப்புக்கேற்ப இதனைப் பொருத்திக்கொள்ளலாம்.

பழைய அமைப்பின் காரணம்

தெருவின் இரு மருங்கிலும் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்பவை இவ்வீடுகள். அகலம் பெரும்பாலும் 20 அடியை ஒட்டியே இருக்கும். நீளமோ தெருவிலிருந்து கொல்லை வரை 100 அடியையும் தாண்டி ஓடும். வாசலில் திண்ணை, அதனை அடுத்து ரேழி, பின்னர் கூடம், கூடத்தின் நடுவில் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், அதற்கப்பால் அடுக்களை, இரண்டாம் கட்டு, கிணற்றடி, மாட்டுக் கொட்டில், கொல்லை என்று இடங்கள் வரிசையாக அமைந்திருக்கும்.

பக்கச் சுவர்கள் அண்டை வீட்டாருக்கும் பொதுவானவை. ஆதலின் பக்கங்களில் ஜன்னல் வைப்பதற்கு வழியில்லை. தெருப்பக்கம் ஒரு வாயில், கொல்லைப்பக்கம் ஒரு வாயில். இவ்விரண்டுக்கும் இடையே 100 அடி நீளமுள்ள ஒரு வீட்டிற்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்துதான் வரவேண்டும். முற்றம் என்பது இடம் மிகுந்தவர்கள் அழகுக்காக விட்டுவைத்த வெளி அன்று. ஜன்னல் வைக்க முடியாத வீட்டிற்கு அதுவே ஜன்னல்.

காற்றின் போக்கையும் அதுவே நடத்துகிறது. பகலில் வீட்டினுள் சூடேறும் காற்று இலேசாகி முற்றத்தின் வழியே மேலெழும். அதன் இடத்தை நிரப்ப ரேழி வழியாகவும் கொல்லைக் கதவு வழியாகவும் புதுக்காற்று உள்ளே வரும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று முற்றத்தில் இறங்கித் தாழ்வாரத்தில் பரவும். நான்கு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிவதால் மழைநீர் அங்கே விழுந்து, தூம்பின் வழியாக வெளியேறும். வடகமும் வற்றலும் காய்வதும், குழந்தை குளிப்பதும், தவறி விழுந்த ஊசியைக் கிழவி தேடி எடுப்பதும் அந்த வெளிச்சத்திலேதான்.

ஒவ்வோர் இடத்திற்கும் இப்படி ஒரு வேலை உண்டு. இடைகழி என்ற பழஞ்சொல்லே வழக்கில் ரேழி ஆயிற்று. திருக்கோவலூரில் மழை பெய்த இரவு ஒன்றில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் ஒருங்கே நின்ற கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் கேட்டிருப்பார்கள். ஒருவர் படுக்கவும் இருவர் அமரவும் மூவர் நிற்கவும் போதுமான இடம் அது என்பார்கள். இடத்தைச் சதுர அடியால் மட்டும் அளவாமல், அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பதைக்கொண்டு அளந்தவர்கள் நம் முன்னோர்.

பழையன எல்லாம் போற்றத்தக்கனவா?

இவ்வளவு சொன்னதால், பழைய வீட்டில் ஒரு செங்கல்லையும் அசைக்கலாகாது என்பது நம் கருத்து என்று எவரும் கொள்ள வேண்டா. அவ்வீடுகளில் மாற்ற வேண்டியவை நிரம்ப உண்டு. அடுக்களையைப் பாருங்கள். விறகுப் புகையில் கரியேறிய சுவர்; கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். வீட்டிலேயே அதிக நேரம் உழைத்தவர்களுக்கு வீட்டிலேயே இருண்ட இடம் கிடைத்தது. விலக்கான நாட்களில் பெண்களை ஒதுக்கி வைத்த கொல்லை அறையும், வேலைக்காரர் உள்ளே வராமல் பின்வழியே வந்து போன சந்தும், அக்காலத்து வழக்கங்கள் சுவராக நின்றவையே. வழக்கம் போனபின் சுவர் மட்டும் எதற்கு?

எல்லாவற்றினும் பெரிய குறை கழிப்பறை. அது கொல்லையின் கோடியில் இருந்தது. இளமையில் அதனை ஒரு பொருட்டாக நாம் எண்ணியதில்லை. எண்பது வயதில், நள்ளிரவில், இரண்டு படி இறங்கி, ஈரமான கிணற்றடியைக் கடந்து 60 அடி நடப்பது எத்தகையது என்பதை இன்று எண்ணிப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட பெரியவர்களைப் பற்றி நாம் கேள்விப்படும்போது, பல சமயம் அந்த வழியில் வழுக்கி விழுந்த செய்தியே காதில் விழுகிறது.

ஆகவே வீட்டின் வகுப்பை மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

நாட்களை எண்ணிப் பாருங்கள்

நம் அன்பர் ஒருவரின் குடும்பத்தில் நேர்ந்ததைச் சொல்வது இங்கே பொருந்தும். மூத்தவர் தில்லியில், இளையவர் புனேயில், தங்கை பெங்களூரில். தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்து வீட்டில், துணைக்கு ஓர் அம்மாளுடன் இருக்கிறார். மூவரும் கலந்து பேசி ஒரு வரைபடம் தயாரித்தார்கள். முற்றத்தின்மேல் கான்கிரீட் தளம் போட்டு, கூடத்தையும் தாழ்வாரத்தையும் சேர்த்துத் தடுத்து, மூன்று படுக்கையறைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளியலறை. தாயாருக்கு இரண்டாம் கட்டில், முன்பு நெற்குதிர் இருந்த அறை.

வரைபடத்தைத் தாயாரிடம் காட்டியபோது அவர் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. "முற்றத்தை மூடிவிட்டால் மணி என்னவென்று எனக்கு எப்படியடா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். தாழ்வாரத்துத் தூணில் வெயில் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தே அவர் உலை வைப்பதும், மருந்து உண்பதும், பூஜைக்கு உட்காருவதும் வழக்கம். பிள்ளைகள் சிரித்தார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி மாட்டிவிடுவதாகவும் சொன்னார்கள்.

பெண் மட்டும் ஒரு கணக்குப் போட்டார். மூன்று குடும்பங்களிலும் தலைக்கு நான்கு பேர். ஆண்டுக்கு அவர்கள் அங்கே தங்குவது பத்து நாள். ஆக, மூன்று குடும்பத்திற்கும் சேர்ந்து 120 ஆள்நாட்கள். தாயாரும் துணையம்மாளும் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 730 ஆள்நாட்கள். 120 நாட்களுக்கு வெளிச்சம் நிறைந்த நடு வீடு. 730 நாட்களுக்கு நெற்குதிர் அறை! இந்தக் கணக்கைக் கேட்ட பின் பழைய வரைபடத்தைக் கையில் எடுக்க எவருக்கும் முகமில்லை.

புதிய வரைபடம் இவ்வாறு அமைந்தது. முற்றம் முற்றமாகவே நின்றது. கூடத்தில் முற்றத்தை நோக்கிய ஒரு பகுதியை மரத்தடுப்பால் மறைத்துத் தாயாரின் அறையாக்கினார்கள். அதனை ஒட்டியிருந்த சாமான் அறை குளியலறையும் கழிப்பறையும் ஆயிற்று; அதன் காற்றுப் போக்கிக்கு இரண்டாம் கட்டின் திறந்த வெளி உதவியது. அடுக்களையைக் கொல்லைப்பக்கத்துத் தாழ்வாரத்திற்கு மாற்றிப் பெரிய ஜன்னல் வைத்தார்கள். விருந்தாக வரும் பிள்ளைகளுக்கு இரண்டாம் கட்டில் ஒரு நீண்ட அறையும் இரண்டு குளியலறைகளும் போதுமானவை ஆயின. எல்லாருக்கும் முழுத் திருப்தி என்று சொல்வதற்கில்லை. தமக்கென்று பூட்டிக்கொள்ள ஓர் அறை இல்லையே என்ற குறை புனே மருமகளுக்கு இன்றும் உண்டு. அதுவும் நியாயமான குறையே. ஆயினும் தாயார் இரவில் நடக்க வேண்டிய தூரம் 60 அடியிலிருந்து எட்டு அடியாகக் குறைந்துவிட்டது.

முற்றத்தை ஏன் மூடுகிறார்கள்?

மூட விரும்புவோரின் காரணங்களையும் அலட்சியம் செய்யலாகாது. திருடர் இறங்குவர், குரங்கு வரும், மழைச்சாரலில் தாழ்வாரம் நனையும், சருகும் தூசியும் விழும், பெருக்கித் துடைக்க ஆளில்லை. இவை யாவும் மெய்யே. ஆனால் இவற்றுள் எதற்கும் கான்கிரீட் தளம் மருந்தன்று.

திருடருக்கும் குரங்குக்கும் கூரை மட்டத்தில் இரும்புக் கிராதி போதும். கொசு வலையை அதன் கீழே கழற்றி மாட்டும்படி பொருத்தலாம். மழைக்கு, ஓட்டின் விளிம்பிலிருந்து ஓரிரண்டு அடி உயர்த்தி, நாற்புறமும் காற்றுப் போக இடம் விட்டு, ஒளி புகும் தகட்டால் ஒரு சிறு கூரை அமைக்கலாம். உயர்த்தாமல் கண்ணாடியையோ தகட்டையோ இடைவெளியின்றிப் பதித்துவிட்டால், ஒளி உள்ளே வரும். வெப்பம் வெளியே போகாது. சித்திரை மாதத்தில் கூடம் அடுப்பாகிவிடும்.

முழுதும் மூடிய வீடுகளின் கதி என்ன? பகலெல்லாம் விளக்கும் மின்விசிறியும் ஓடுகின்றன. நடு அறைகளில் ஈரம் தங்கிப் பூஞ்சைக் காளான் மணம் வீசுகிறது. மின்சாரம் நின்றுவிட்டால் நண்பகலிலும் கைவிளக்கைத் தேட வேண்டியதாகிறது. உள்நோக்கிச் சரிந்த கூரைகளின் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல், புதுத் தளமும் பழைய ஓடும் சேரும் இடத்தில் ஒழுக்குத் தொடங்குகிறது. பெற்ற இடம் 120 சதுர அடி. இழந்ததோ அதைச் சூழ்ந்த அறைகள் அனைத்தின் வெளிச்சமும்.

இந்நாளில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களும் இந்த உண்மையைப் போற்றியிருக்கிறார்கள். இலங்கையின் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் தமக்கென அமைத்துக்கொண்ட இல்லம் இதற்குச் சான்று. ஒன்றையொன்று ஒட்டிய நான்கு சிறு வீடுகளை 1958 முதல் பத்தாண்டுக் காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரே வீடாக்கினார் அவர். சேர்க்கும்போது வெளிகளை அடைக்காமல், ஆங்காங்கே வானம் தெரியும் சிறு முற்றங்களை அமைத்தே உள்ளறைகளுக்கு ஒளி கொணர்ந்தார். ஒட்டிய சுவர் வீடுகளுக்கு நம் முன்னோர் கண்ட வழியையே அவரும் மேற்கொண்டார்.

முற்றத்தைச் சுருக்கியே தீரவேண்டிய வீடுகளும் உண்டு. பாகப் பிரிவினையில் வீடு நடுவே பிளந்துபோன இடங்களில் வேறு வழியில்லை. அப்போதும் ஐந்தடிக்கு ஐந்தடியாவது திறந்த வெளி விட்டுவைப்பது நலம்.

எந்தச் சுவரை இடிக்கலாம்?

பழைய வீட்டில் தூண் வேறு, சுவர் வேறு என்ற பாகுபாடு இல்லை. சுவரே பாரம் தாங்குகிறது. இடிக்கக் கடப்பாரையை எடுக்குமுன், தலைக்கு மேலே பார்க்க வேண்டும். உத்திரங்களும் மரக்கட்டைகளும் எந்தத் திசையில் ஓடி எந்தச் சுவரின்மேல் அமர்ந்திருக்கின்றன? அமர்ந்த சுவரைத் தொடுவதானால், மேலே முட்டுக் கொடுத்து, இரும்பு உத்திரம் ஏற்றிய பிறகே தொட வேண்டும். பின்னாளில் இடையே எழுப்பிய மெல்லிய தடுப்புச் சுவரை நீக்குவதில் அவ்வளவு அபாயமில்லை. எது எத்தகையது என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். கைப்பேசியில் படம் பார்த்துச் சொல்லும் யோசனை இதற்கு உதவாது.

மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் வழங்கும் மட்டமாடி உள்ள வீடுகளில் மேலும் எச்சரிக்கை வேண்டும். நெருக்கமாக அடுக்கிய தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு ஒட்டிய தளம் அது. கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் ஈரம் ஏறி மக்கும். கீழிருந்து பார்த்தால் கட்டை முழுமையாகவே தோன்றும். முனைகளைத் தட்டியும் குத்தியும் பார்த்த பிறகே அதன்மேல் தண்ணீர்த் தொட்டியோ புது அறையோ ஏற்றுவதைப் பற்றி நினைக்க வேண்டும்.

சுவரின் பூச்சு மற்றொரு விஷயம். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சி, பின் காற்றில் விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் கெட்டியாகச் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. அவ்வேலை தெரிந்த கொத்தனார் அருகிவருகிறார்கள் என்பது மெய். தேடிப் பிடிப்பது வீண் உழைப்பாகாது.

முதியோர்க்கு ஏற்ற அளவுகள்

புதிய வகுப்பில் சில அளவுகளை விட்டுக்கொடுக்கலாகாது. தாயார் நடமாடும் அறைகளுக்கும் குளியலறைக்கும் கதவு திறந்த நிலையில் மூன்றடி வழி இருக்க வேண்டும். சக்கர நாற்காலி அப்போதுதான் நுழையும். அந்த வழியில் இருக்கும் உயர்ந்த வாசற்படிகளைத் தரைமட்டமாக்க வேண்டும். பழைய நிலையின் அழகைக் கருதித் தலைவாயிற்படியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குளியலறைத் தரை வழுக்காத கல்லாக இருத்தல் வேண்டும். சுவரில் கைப்பிடி ஒன்று, கட்டிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் விளக்கின் விசை ஒன்று.

வாசலில் சரிவுப் பாதை அமைக்க நினைப்போர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது ஏற்கப்பட்ட அளவு. வீட்டின் தளம் தெருவிலிருந்து இரண்டரை அடி உயரம் என்றால் 30 அடி நீளம் வேண்டும். திண்ணைக்கு முன்னே அவ்வளவு இடம் ஏது? தெருவை ஆக்கிரமிக்கவும் கூடாது. பல வீடுகளில் கொல்லைப்புறமே இதற்கு ஏற்ற இடம். வண்டி அங்கே வர வழி இருந்தால் மிக நல்லது.

கழிவுநீரைக் குறித்தும் ஒரு சொல். கிணற்று நீரைக் குடிப்பவர்கள், கழிவுத் தொட்டியின் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 60 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டுக் கிணற்றையும் இதில் சேர்த்தே எண்ணுவது அறம். குளியலறைகளையும் அடுக்களையையும் கூடியவரை அருகருகே வைத்தால் குழாய்களின் நீளமும் செலவும் ஒழுக்கும் குறையும். முற்றத்துத் தூம்பில் வரும் மழைநீரைச் சாக்கடையில் விடாமல் தனியே சேமிப்புக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. முற்றமுள்ள வீட்டில் அதற்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

வேலை தொடங்குமுன்

வரைபடத்தைவிட முன்னதாக முடிக்க வேண்டியது உரிமை பற்றிய பேச்சு. பூர்விகச் சொத்தில் மகனுக்குள்ளது போன்ற பங்கைத் திருமணமாகாத மகளுக்கும் 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் வழங்கியது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. ஆதலின் சகோதரிகளைக் கேளாமல் இரு சகோதரர்கள் மட்டும் செங்கல் அடுக்குவது முறையுமன்று, சட்டத்திற்குப் பொருந்துவதுமன்று. யார் எவ்வளவு பணம் போடுகிறார்கள், அது பங்கில் கழியுமா, அன்பளிப்பா என்பதை எழுதி வைத்துக்கொள்வது உறவைக் காக்கும். உள்ளூர் அமைப்பின் அனுமதியையும் முன்னரே பெற வேண்டும்.

பின்னர் வீட்டை அடி அடியாக அளந்து, சுவரின் கனத்தோடு கட்டத்தாளில் வரையுங்கள். அதன்மேல், அங்கே இருக்கும் பெரியவர் காலை எழுந்தது முதல் இரவு படுப்பது வரை நடக்கும் வழியைச் சிவப்பு மையால் குறியுங்கள். எங்கே படி, எங்கே ஈரம், எங்கே இருட்டு என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். எந்த இடத்தை முதலில் மாற்ற வேண்டும் என்பதையும் அக்கோடே காட்டும்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கினால், ஐப்பசி அடைமழைக்கு முன் கூரையை முடித்துவிடலாம். கூரை முதலில், குழாய் அடுத்து, பூச்சும் வண்ணமும் இறுதியில். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வேலை நடத்துபவர்கள், நாளுக்கு இவ்வளவு என்று பணம் அனுப்பாமல், முடிந்த பகுதியை அளந்து அனுப்புவது நலம். சுவரையும் தரையையும் மூடுமுன், உள்ளே செல்லும் குழாய்களையும் மின்கம்பிகளையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்பும்படி மேஸ்திரியிடம் சொல்லுங்கள். கழற்றிய நிலைகள், கதவுகள், தூண்கள் ஆகியவற்றிற்கு எண்ணிட்டு உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழைய தேக்கு விலைபோகும் பொருள். எண்ணிடாத தேக்கு எங்கே போயிற்று என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

இவ்வளவையும் செய்யப் பொறுமை வேண்டும். சிறிது விட்டுக்கொடுத்தலும் வேண்டும். ஊர்வீட்டில் நமக்கென்று ஓர் அறை வேண்டும் என்ற ஆசை தவறன்று. ஆனால் ஆண்டில் பத்து நாள் தங்குபவரின் ஆசை, 365 நாளும் அங்கே வாழ்பவரின் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளலாகாது. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், அளவு நாடாவுடன் ஒரு பகல் முழுவதும் வீட்டின் நடுவே இருந்து, வெயில் எங்கே வருகிறது, காற்று எங்கே போகிறது, அம்மா எங்கே உட்காருகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம். பொறியாளரிடம் போவதற்கு அக்குறிப்பே முதல் வரைபடம்.